இல்லை என்று சொல்லத் தெரிந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்து இறங்கியது. மேலே சுற்றியிருந்த ஓலைப்பாயைப் பிரித்ததும் கிளம்பிய வாசனை கடையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, அடுப்படியில் நின்ற என்னைத் தேடி வந்துவிட்டது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். மகன் பில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து ஒரு சில்லு உடைத்து இடுப்பில் செருகினேன். எனக்குத்தான் ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியாதே. பார்த்துவிட்டான்.

"யம்மா, சுகர் எம்புட்டு இருக்குன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

"திங்கிறதுக்கு எடுக்கலலே."

"பெறவு?"

"பெரியம்மா ஞாபகத்துக்கு."

அவனே இன்னொரு சில்லு உடைத்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போய்விட்டான்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. செத்துப் போனவளுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் தெருவில் நாலு பேர் என்னைக் கோட்டி என்பார்கள். நம் பக்கத்தில் பைத்தியத்துக்குக் கோட்டி என்றுதானே பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பேரை நாம் இரண்டு பேருமே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தவர்கள்தானே.

நான் ஆத்தூரிலிருந்து இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, மூத்த மருமகளான நீங்கள் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு, மாடியில் மிளகாயும் வெங்காயமும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிட்டங்கி. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளுக்கு வழிச்சாமான் கொடுக்கிற கடை. தோணி ஆட்கள் கடலில் பொங்கித் தின்ன வேண்டிய அரிசி, பருப்பு, புளி, ஊறுகாய் எல்லாம் நம் கடையிலிருந்துதான் போகும்.

என் அப்பாவுக்கு ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இங்கே வந்த முதல் வாரமே நம் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்ன முதல் சட்டம் உங்களுக்கும் சொல்லப்பட்டதுதான். "ஏளா, யாவார வீடு இது. இல்லைங்கிற சொல் இங்கன வாயில வரப்படாது." சீனி தீர்ந்துவிட்டதா, 'நாளைக்கு வரும்' என்று சொல்ல வேண்டும். கடுகு வரவே வராதா, 'வேற நல்ல சரக்கு இருக்கு, பாருங்க' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். உப்பு ஜாடி காலியானால் உப்பு நிறைந்துவிட்டது என்போம். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆத்தூருக்குப் போயிருந்தபோது, "சாப்பிட்டாச்சா?" என்று என் தங்கச்சி கேட்டதற்கு, "இல்லை" என்று சொல்ல நாக்கு எழும்பாமல், "இனிமேத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாதாரண வாடிக்கைக்காரருக்கே இந்தச் சட்டம் என்றால் தோணிக்காரருக்குக் கேட்கவே வேண்டாம். தோணியை நடத்திப் போகிற ஆளைத் தண்டல் என்பார்கள். அவர் கிளம்புகிற அன்றைக்குச் சாமான் வாங்க வந்து நிற்கும்போது அவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் பயணத்துக்கே கேடு என்று இங்கே ஒரு பயம். நான் இந்த வீட்டுக்கு வரும் முன்னாலேயே நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். விளக்கு வைக்கிற நேரம், கல்லாவில் நீங்கள் தனியாக இருந்தபோது, ஒரு தண்டல் வந்து கடுகு கேட்க, "இல்லை" என்று கத்தினீர்களாம். ஒரு தடவை அல்ல, "இல்லை, இல்லை, இல்லை" என்று. அந்த மனிதர் பையைப் போட்டுவிட்டு ஓடினாராம். அன்றோடு உங்களைக் கல்லாப் பக்கம் விடவில்லை. கிட்டங்கியில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிற வேலை உங்களுக்கு வந்தது. தோணி என்னவோ சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மேல இருக்கா பாரு, அவ கோட்டி. சோத்தைக் குடுத்துட்டு வந்துரு, பேச்சு வச்சுக்காத" என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தட்டை வைப்பேன், திரும்புவேன். நீங்கள் மிளகாயைப் பார்த்தபடி யாரிடமோ பேசிக்கொண்டிருப்பீர்கள். சில நாள் சிரிப்பீர்கள். சில நாள் தட்டு பறந்து வரும். எனக்கு உங்களைக் கண்டாலே பயம்.

பிறகு மகன் பிறந்தான். அவனுக்குத் தலை நிற்க ஆரம்பித்த சமயம் எனக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது.

அது ஒரு ஆம்பிளைக் குரல். கரகரப்பான, உப்புக்காற்றில் காய்ந்த தொண்டை. நம் கடை வாசலில் நின்று சாமான் கேட்கிற தண்டல்களின் குரல் மாதிரியே இருக்கும். முதலில் கடையில்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் இருக்க மாட்டார்கள். "வா" என்று மட்டும் சொல்லும். கொஞ்ச நாளில் கூடப் பேச ஆரம்பித்தது. "வா, தோணி கிளம்புது. சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. நீயும் பிள்ளையும்தான் பாக்கி." நான் என்ன செய்தேன் தெரியுமா? கடை வாசலில் நிற்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரியே, "இந்தா வாரேன்" என்று பதில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். என்னைக் கூப்பிடுகிறவருக்கு மறுத்துப் பேசலாம் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. இந்த வீட்டில் அது எங்கே சொல்லிக்கொடுத்தார்கள்?

ஒரு நாள் மத்தியானம். கடையை அடைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். நான் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். செருப்பு போடவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது நினைவிருக்கிறது. அதைத் தாண்டி வேறு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு பயமும் இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் குலை நடுங்க வைக்கிறது.

பழைய துறைமுகத்தில் ஒரு தோணிக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆள் இல்லாத பக்கமாக, தண்ணீருக்குள் இறங்குகிற கல்படியின் மேல் படியில் போய் நின்றேன். கீழே தண்ணீர் எண்ணெய்ப் படலத்தோடு பளபளத்தது. "எறங்கு, எறங்கு, இடம் இருக்கு" என்றான் அவன். "இந்தா வாரேன்" என்றேன்.

"ஏளா, பிள்ளையைச் செத்த நேரம் என் கையில தா. தூக்கியே நிக்கியே, தோள் வலிக்கும்லா."

நீங்கள். கயிறு கட்டுகிற இரும்புக் குத்தியின் மேல், சினிமாவுக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். எப்போது பின்னால் வந்தீர்கள் என்று தெரியாது. கிட்டங்கி ஜன்னலிலிருந்து நான் போவதைப் பார்த்திருக்க வேண்டும். ஓடி வரவில்லை, கத்தவில்லை, என்னைப் பிடித்து இழுக்கவில்லை. கையை நீட்டினீர்கள். நான் பிள்ளையைக் கொடுத்தேன். யார் கேட்டாலும் கொடுத்துப் பழகினவள்தானே. அவனை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் வெயில் மறைத்துவிட்டு, ஊர் விஷயம் விசாரிக்கிற மாதிரி கேட்டீர்கள்.

"என்ன சொல்லுதான்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லையே.

"வரச் சொல்லுதான்."

"நீ என்ன சொன்ன?"

"வாரேன்னு சொன்னேன்."

நீங்கள் சிரித்தீர்கள். வெங்காய மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தீர்கள். "எளவு, கடையில படிச்ச பாடத்தை இங்கனயும் வந்து ஒப்பிக்கியே!"

பிறகு இடுப்பிலிருந்து ஒரு கருப்பட்டிச் சில்லை எடுத்து என் வாயில் திணித்தீர்கள். "சப்பு. கடிக்காத. இது கரையிற வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. அவன் என்ன வேணாலும் கேக்கட்டும்."

நான் படியில் உட்கார்ந்தேன். அவன் கூப்பிட்டான். என் வாய் நிறையக் கருப்பட்டி. மறுபடி கூப்பிட்டான். அதட்டினான். பதில் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. நீங்கள் என் முழங்காலில் ஒரு கையை வைத்து அழுத்திக்கொண்டு, மறு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டு இருந்தீர்கள். கருப்பட்டி மெல்ல மெல்லக் கரைந்தது. அவன் குரல் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளிப் போனது. அவன் பேசுகிற இடமும் நான் உட்கார்ந்திருக்கிற இடமும் வேறு வேறு என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது.

"கடைக்கு வாரவன் எல்லாம் வாங்கவா வாரான்?" என்றீர்கள். "விலையைக் கேட்டுட்டுப் போறவன் எத்தனை பேரு. அவன் கேக்கதை நாம தடுக்க முடியாது. அதுக்காவ எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துரணும்னு என்ன கட்டாயம்?"

"உங்களுக்கும் கேக்குமாக்கா?"

"எனக்கு ஒரு பொம்பள. கலியாணத்துக்கு முன்னால இருந்தே என் கூட இருக்கா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"இல்லைன்னு சொல்லுவேன்."

அதன் பிறகுதான் அந்தக் கடுகு விஷயத்தைச் சொன்னீர்கள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பொம்பளை உங்கள் காதுக்குள் வந்து, மண்ணெண்ணெய் டின்னைக் கடைக்குள் கவிழ்த்துத் தீக்குச்சி கிழிக்கச் சொன்னாள். உள்ளே மாமியார் இருந்தார், என் வீட்டுக்காரர் இருந்தார், மேலே கூலி ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் இல்லை என்றீர்கள். அவள் விடவில்லை. இன்னும் சத்தமாக இல்லை, இல்லை என்றீர்கள். "அந்த மனுசன் எப்ப வந்தாரு, எப்பக் கடுகு கேட்டாருன்னு எனக்குத் தெரியவே தெரியாதுளா. நிமிந்து பாக்கேன், பையைப் போட்டுட்டு ஓடுதாரு." மறுபடி சிரித்தீர்கள். "வீடு தப்பிச்சுது. எனக்குக் கோட்டின்னு பேரு வந்துது. போவட்டும், சவத்தை விடு."

அக்கா, அந்தக் கல்படியில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. பிற்பாடு எத்தனையோ நாள் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் யாரும் செய்யாத அளவுக்குத் தெளிவான ஒரு காரியத்தைச் செய்த அன்றைக்குத்தான் உங்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டினார்கள். உள்ளே நடந்தது யாருக்கும் தெரியவில்லை, வெளியே கேட்டது மட்டும் தெரிந்தது. நீங்களும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்?

"இப்ப நீ சொல்லு" என்றீர்கள்.

"என்னத்த?"

"இல்லைன்னு."

எனக்கு நாக்கு புரளவில்லை. நீங்கள் விடவில்லை. கடைசியில் கடலைப் பார்த்து முனகினேன். "சத்தமா" என்றீர்கள். சத்தமாகச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு நம் இரண்டு பேரையும் வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளை விழித்துக்கொண்டு அழுதான். அவனுக்குப் பால் கொடுக்க வேண்டும் என்கிற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது.

வேடிக்கை பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் விஷயம் கடைக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர், எனக்குப் பெரியத்தான், வீட்டைக் கூட்டி உட்காரவைத்தார். ஒரு கோட்டி போதாதென்று இன்னொன்றா என்பதுதான் பேச்சு. என்னை ஆத்தூருக்கு அனுப்பிவிடுவது, பிள்ளையை இங்கேயே மாமியார் வளர்ப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் கார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, எனக்கே அந்தப் பயம் இருந்தது. ஆனால் பிள்ளையைப் பிரித்து என்னை அனுப்பியிருந்தால், அந்தக் கல்படி ஆத்தூரிலும் இருந்தது. தாமிரபரணி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

நான் அறையில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கடையில் விளக்கு ஏற்றிச் சாம்பிராணி போட்ட வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை. கூட்டம் கட்டி ஏறுகிற நேரம். அப்போது உங்கள் குரல் கேட்டது.

"இல்லை!"

எட்டிப் பார்த்தேன். நீங்கள் கிட்டங்கியை விட்டு இறங்கி வந்து, கடை வாசல்படியின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். முடியை அவிழ்த்து விட்டிருந்தீர்கள். யாரோ ஒருவர், "அண்ணாச்சி, துவரம்பருப்பு..." என்று ஆரம்பித்தார்.

"துவரம்பருப்பு இல்லை!"

"புளி?"

"இல்லை!"

"என்னக்கா, கண் முன்னாலயே மூட்டை நிக்கே!"

"மூட்டை நிக்கு. புளி இல்லை!"

மாமியார் ஓடி வந்து உங்கள் வாயைப் பொத்தினார். நீங்கள் பொத்தின கைக்குள்ளேயே இன்னும் இரண்டு 'இல்லை' சொன்னீர்கள். பெரியத்தான் முகம் கறுத்துப் போயிற்று. உங்களை அடிக்க முடியாது, தெருவே பார்க்கிறது. தூக்கி உள்ளே போட முடியாது, நீங்கள் கதவு நிலையைக் கட்டிப் பிடித்திருந்தீர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்கள். நான் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"உனக்கு என்னதாம்ளா வேணும்?" என்று பெரியத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"அவளும் பிள்ளையும் இங்கனதான் இருக்கணும். அவளை டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ? நீ கூட்டிட்டுப் போறியா?"

"பெறவு ஆரு? அந்த ஆஸ்பத்திரிக்கு வழி இந்த வீட்டுல எனக்குத்தான் தெரியும்."

அடுத்து வந்த ஆள், "அண்ணாச்சி, சீனி..." என்றார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். "சரி, சரி, இருக்கட்டும்! ரெண்டு பேரும் இங்கனயே இருக்கட்டும்!" என்று பெரியத்தான் கத்தினார். நீங்கள் முடியை முடிந்துகொண்டு, சீனி கேட்டவரிடம், "வாங்க அண்ணாச்சி, எம்புட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே வந்தீர்கள். என்னைத் தாண்டிப் போகும்போது சொன்னீர்கள், "கோட்டின்னு பேரு வாங்கினதுல இதுதாம்ளா லாபம்."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சொன்னபடியே கூட்டிப்போனீர்கள். பிள்ளை பெற்றவர்களுக்கு இப்படி வருவது உண்டு, மருந்து எடுத்தால் கட்டுக்குள் வரும் என்றார் டாக்டரம்மா. குரல் என்ன சொல்கிறது, அதன்படி செய்யத் தோன்றுகிறதா என்று நிதானமாகக் கேட்டார். நான் சொல்லத் தயங்கினபோதெல்லாம் என் காலை மிதித்தீர்கள். மாத்திரை போட்டால் தூக்கமாக வருகிறது, வாய் உலர்கிறது என்று நான் அடம்பிடித்த நாளில், உங்கள் மாத்திரையை ஒரு உள்ளங்கையிலும் என் மாத்திரையை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள். "முழுங்குளா. மாத்திரை அவன் சத்தத்தைக் குறைக்கும். பதில் சொல்லுத சோலி உன்னோடது, அதை மாத்திரை செய்யாது." நாம் இரண்டு பேரும் ஒரே சொம்புத் தண்ணீரில் முழுங்குவோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ விரதம் முடிக்கிற மாதிரி இருக்கும்.

உங்களைப் பெரிய ஞானி என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். உங்களுக்கும் கெட்ட நாட்கள் இருந்தன. அந்தப் பொம்பளையிடம் நீங்கள் தோற்ற நாட்களும் இருந்தன. ஒரு தடவை அதே சொம்பை என் நெற்றியில் எறிந்தீர்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த மாதிரி நாட்களில் நான் கிட்டங்கிப் படியில் போய் உட்கார்ந்து, "என்ன சொல்லுதா?" என்று கேட்பேன். சில நாள் சொல்வீர்கள். சில நாள் திட்டுவீர்கள். நான் ஒரு சில்லுக் கருப்பட்டியை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எனக்குக் காட்டினதும் நீங்கள்தானே.

மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டே நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம். மூக்கும் கண்ணும் ஒழுகும், பேச்சு நிற்காது. ஒரு தடவை மாமியார் கனவில் திருச்செந்தூர் முருகன் வந்து மொட்டை போடச் சொன்னான் என்று வீடே பஸ் ஏறியது. நீங்கள் என் காதில் கிசுகிசுத்தீர்கள், "அவுகளுக்குக் கேட்டா சாமி, நமக்குக் கேட்டா சீக்கு." நான் புரையேறும்வரை சிரித்தேன். ஆனால் திருச்செந்தூர்க் கடலில் நம் மாமியார் முங்கி எழுந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்றும் நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். "பாரு, எம்புட்டு நிம்மதி. நல்லதைச் சொல்லுத சத்தம்னா கேட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

பெரியத்தானுக்கும் மண்டைக்குள் ஒரு ஆள் இருந்தான், மிளகு விலை ஏறப் போகிறது, இறங்கப் போகிறது என்று அவரைத் தூங்கவிடாமல் ஓட்டினான். அவன் சொன்னதையெல்லாம் இவர் செய்தார். யாரும் அவரைக் கோட்டி என்று சொல்லவில்லை. புத்தி சுவாதீனம் என்பதற்கும் கோட்டிக்கும் நடுவே பெரிய மதில் ஒன்று இருப்பதாக நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். நீங்கள் போன பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. எல்லார் உள்ளேயும் யாரோ கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கூப்பிட்டால் போயே தீர வேண்டும் என்று இருக்கிறவரைக்கும் நாம் கூலியாட்கள். போகாமலும் இருக்கலாம் என்று தெரிந்துவிட்டால் உள்ளே நாம்தான் முதலாளி. மாடியில் அடைத்து வைத்திருந்தபோதும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். எனக்கு அதைக் கொடுத்ததற்கு நான் உங்களுக்கு என்ன செய்துவிட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். சோறு கொண்டு வந்தேன். அவ்வளவுதான்.

உங்களுக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து, மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். துஷ்டி கேட்க வந்தவர்கள், "பாவம், கோட்டியா இருந்தாலும் நல்ல மனுசி" என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் மகன்தான் எழுந்து, "பெரியம்மா இல்லாட்டி நான் இல்ல" என்று சபையில் சொன்னான். அவனுக்கு எல்லாம் தெரியும். அவனுக்கு மீசை முளைத்த பிறகு நாம் இரண்டு பேரும் உட்காரவைத்துச் சொன்னோமே. "ஒளிச்சு வைக்கப்படாது, வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் போய்க் கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், நான் கிட்டங்கியில் நம் இடத்தில் உட்கார்ந்து தனியாக மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தேன். உங்கள் பலகை காலியாகக் கிடந்தது. எத்தனையோ வருஷமாக அந்தத் தண்டல் குரல்காரன் என்னிடம் வரவில்லை. அன்றைக்கும் அவன் வரவில்லை. வந்தது நீங்கள்.

"ஏளா" என்றது. உங்கள் குரலேதான். அந்த இழுப்பு, அந்தச் சிரிப்பு, எல்லாம் அப்படியே. "தனியா இருந்து என்ன செய்யுத? வா. இங்கன நல்லா இருக்கு."

அக்கா, அவன் கூப்பிட்டபோது எனக்கு வந்தது மயக்கம். இது அப்படி இல்லை. எனக்கு நிஜமாகவே வரத் தோன்றியது. உங்களோடு மறுபடி ஒரு பலகையில் உட்கார முடியும் என்றால் நான் எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வந்திருப்பேன். கையில் இருந்த மிளகாய் அப்படியே நின்றுவிட்டது. "இந்தா வாரேன்" என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

இடுப்பைத் தடவினேன். சில்லு இருந்தது. எடுத்து வாயில் போட்டேன். கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அது கரையும்வரை சப்பினேன். நீங்கள் மறுபடி மறுபடி கூப்பிட்டீர்கள். இல்லை, நீங்கள் இல்லை. கல்படியில் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினவள் என்னைத் தண்ணீருக்குக் கூப்பிட மாட்டாள். உங்கள் குரலைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ கூப்பிட்டார்கள். வாய் காலியானதும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"இல்லக்கா. நான் வரல."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து அழுதேன். மகன் படியேறி ஓடி வந்தான். ஒளிக்கவில்லை, அவனிடம் சொன்னேன். மறுநாள் டாக்டரம்மாவிடமும் சொன்னேன். அந்த மத்தியானம் அவன் கடையைத் திறக்கவில்லை. உங்கள் பலகையில் உட்கார்ந்து, சரியாகக் காம்பு கிள்ளத் தெரியாமல் கிள்ளிக்கொண்டு, பக்கத்திலேயே இருந்தான்.

உங்களுக்கே இல்லை என்று சொல்லிவிட்டேன் அக்கா. நீங்கள் கேட்டிருந்தால் இரும்புக் குத்தியில் உட்கார்ந்து, துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்திருப்பீர்கள்.